மாப்பிள்ளை வண்டியின் ஆட்டம்

ஊரென்றால் ஒரே ஒரு ஊர். அதிலே கடை கண்ணி எத்தனையோ, லேத்துப் பட்டறை மட்டும் ஒன்றே ஒன்று. அந்தப் பட்டறை வாசலில் ஒரு புதன்கிழமை காலையில், நஞ்சப்பன் என்கிற டிரைவர் தன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாராம்.

வந்தவர் சௌக்கியம் கூட விசாரிக்கவில்லை.

“அம்மிணி, குத்தம் வண்டி மேலயா, என் மேலயா?”

லேத்தில் நின்றிருந்த கலாமணி மெஷினை நிறுத்தினாள். பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தாள்.

“உக்காருங்கண்ணா,” என்றாள்.

நஞ்சப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கலாமணிக்கு நாற்பது கூட ஆகவில்லை. ஆனாலும் கேள்வி அவரிடமிருந்துதான் அவளிடம் போயிற்று. காரணம் இருந்தது. கலாமணி எதையும் அளக்காமல் சொல்லமாட்டாள், அளந்ததற்கு மேலேயும் சொல்லமாட்டாள். ஒரே கிணற்றுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் அடித்துக்கொண்டு, மோட்டாரைக் கெடுத்தது யார் என்று அவளிடம் வந்தார்கள். அவள் மோட்டாரைப் பிரித்து, “பேரிங் காஞ்சு போச்சுங்க. கிரீஸ் வச்சே நாலு வருஷம் இருக்கும்,” என்றாள். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

நஞ்சப்பன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவருடைய வண்டி ஊரறிந்த வண்டி. மேல்கூரையை மடித்துப் போடுகிற, அறுபது வருஷத்துக்கு மேலான சீமைக் கார். வெண்ணெய் நிறம். ஊரில் அதற்கு மாப்பிள்ளை வண்டி என்று பேர். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். கோயிலில் இருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் வருவார். முன்னால் மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே நடப்பார்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். பின்னால் நஞ்சப்பன் ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வருவார்.

இருபத்தாறு வருஷம் அப்படித்தான் வந்தார்.

போன வைகாசியில், கோயில் திருப்பத்தில், வண்டி ஒரு முழம் இடது பக்கம் போய்விட்டது. மட்கார்டு தவில் சிங்காரத்தின் காலில் பட்டது. அவர் விழுந்தார். தவில் தரையில் படக்கூடாது என்று இடது கையை ஊன்றினார். மணிக்கட்டு சுளுக்கி வீங்கிவிட்டது. பத்தொன்பது நாள் அந்தக் கையால் குச்சி பிடிக்க முடியவில்லை.

கை சரியாகிவிட்டது. சிங்காரம் சண்டைக்கு வரவில்லை, போலீசுக்குப் போகவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

“இனிமே அந்த வண்டிக்கு முதுகு காட்டி நடக்க மாட்டேன்.”

அவர் நடக்காவிட்டால் நாகஸ்வரக்காரர் நடக்கமாட்டார். நாகஸ்வரக்காரர் நடக்காவிட்டால் யாரும் நடக்கமாட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மேளமா வண்டியா என்று வந்தது. மேளம் இல்லாமல் எந்தக் கல்யாணம் நடக்கும்.

“மூணு மாசமா வண்டி கோயில் வாசல் பாக்கலை அம்மிணி. வர்ற செவ்வாய்க்கிழமை ஒரு அழைப்பு இருக்குது. சிங்காரம் சரின்னு சொன்னா உன் வண்டியே வரட்டும்னு மாப்பிள்ளையோட அப்பா சொல்லிட்டாரு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“அதுக்கு நான் என்னங்க பண்றது?”

“ஒரு வார்த்தை. வண்டிக் கோளாறுன்னு ஒரே ஒரு வார்த்தை. உன் வாயில இருந்து வந்தா சிங்காரம் நம்புவாரு.”

“வண்டிக் கோளாறுதானுங்களா?”

“அதத்தானே நீ பாத்துச் சொல்லணும்.”

“பாத்துட்டுச் சொல்றதுங்களா, சொல்லிட்டுப் பாக்கறதுங்களா?”

நஞ்சப்பன் பிடரியைச் சொறிந்தார்.

“பாத்துட்டே சொல்லு.”

கலாமணி வெளியே வந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். லொடக் என்றது. இடமும் வலமும் திருப்பினாள். முதல் இரண்டு விரற்கடைக்கு ஸ்டீரிங் மட்டும்தான் திரும்பியது. அதற்கப்புறம்தான் முன்சக்கரம் அசைந்தது.

“ஆட்டம் இருக்குதுங்க.”

“பழைய வண்டின்னா கொஞ்சம் ஆட்டம் இருக்கும்.”

“எத்தனை நாளா இருக்குதுங்க?”

“இருக்கும், கொஞ்ச நாளா.”

அவள் வண்டியில் இருந்து இறங்கினாள்.

“நாளைக்கு வாங்கண்ணா. கழட்டிப் பாக்கலாம்.”

“இன்னிக்கே பாத்தா ஆகாதா?”

“இன்னிக்கு ஒரு பம்பு வேலை இருக்குதுங்க. தண்ணியில்லாம தோட்டத்துல தக்காளி காயுது.”

*

மறுநாள் நஞ்சப்பன் ஏழு மணிக்கே வந்து, பட்டறை திறக்கும்வரை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீரிங்கில் இருந்து ஒரு நீளத் தண்டு கீழே இறங்கும். அந்தத் தண்டு ஒரு குழாய்க்குள் நிற்கும். தண்டு குழாயில் உரசாமல், நடுவில் நின்று சுற்ற வேண்டும். அதற்காக மேலே ஒன்று, கீழே ஒன்று, வளையம் வளையமாக இரண்டு புஷ். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. அது தேய்ந்தால் தண்டு தன் இஷ்டத்துக்கு நிற்கும்.

கலாமணி ஸ்டீரிங்கைக் கழற்றினாள். மேல் மூடியை எடுத்தாள். புஷ் இருக்க வேண்டிய இடத்தில் இடுக்கியை நுழைத்து எதையோ பிடித்து இழுத்தாள்.

மஞ்சள் கறை பட்ட அட்டைத் துண்டு ஒன்று வந்தது. நாலாக மடித்திருந்தது.

பிரித்தாள். ‘திருவளர்ச்செல்வி’ என்று இருந்தது. செல்வியின் பேர் கிரீஸில் போய்விட்டது.

அதை மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி இடுக்கியை நுழைத்தாள். இன்னொரு அட்டை. இதில் விநாயகர் பாதி. அடுத்ததில் ‘இரவு சிற்றுண்டி’ மட்டும். அடுத்ததில் ஒரு மண்டபத்தின் பேர்.

நஞ்சப்பன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“ஏனுங்கண்ணா, எத்தனை கல்யாணத்தை உள்ள வச்சு மூடியிருக்கறீங்க?”

“கெட்டி அட்டை அம்மிணி.” அவர் சிரிக்கப் பார்த்தார். “பத்திரிகை அட்டை மாதிரி வேற எதுவும் நிக்காது. சைக்கிள் டியூப்பு வச்சுப் பாத்தேன், வழுக்குது. இது ஒண்ணு சொருகினா கொஞ்ச நாளைக்கு ஆட்டம் அவ்வளவாத் தெரியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னொரு கல்யாணம் வரும்.”

கலாமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவதா, தெரியவில்லை.

மொத்தம் பதினொரு அட்டை வந்தது. அடியில் இருந்தது கூழாகவே வந்தது. அதற்கு மேலே இருந்ததில் வருஷம் படிக்க முடிந்தது. ஆறு வருஷத்துக்கு முந்திய கல்யாணம்.

எல்லாவற்றையும் வரிசையாகக் காயவைத்தவள், முதலில் வந்ததை மறுபடி கையில் எடுத்தாள். மடிப்பின் உட்புறம் வெள்ளையாக இருந்தது. வைகாசி என்று மாதம் தெளிவாகத் தெரிந்தது.

“இது எப்ப வச்சதுங்க?”

“அது…” நஞ்சப்பன் கிட்டே வந்து பார்த்தார். “அது அந்தக் கல்யாணம்தான் அம்மிணி. சிங்காரம் விழுந்தாரே, அது. அன்னிக்குக் காலைல சொருகினேன்.”

“அன்னிக்குக் காலைல ஆடுச்சுங்களா?”

“ஆடாமயா சொருகுவேன்.”

சொல்லிவிட்டார். சொன்னதை அவர் காதும் கேட்டது.

பட்டறைக்கு வெளியே ஒரு பால் வண்டி போயிற்று. கேன்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

“அப்ப குத்தம் என் மேலதானா அம்மிணி?”

கலாமணி அட்டைகளுக்கு அடியில் மிச்சமிருந்த பழைய புஷ்ஷை வெளியே எடுத்தாள். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தாள். கீழே குனிந்து இன்னொன்றையும் எடுத்து அளந்தாள்.

“புஷ் தேஞ்சிருக்குதுங்க.”

“அப்ப வண்டி மேலயா?”

“புஷ் தேஞ்சிருக்குதுங்க.”

“ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொன்னா நான் எப்படித்தான் எடுத்துக்கறது?”

“எடுத்துக்க வேண்டாமுங்கண்ணா. மாத்தணும்.”

*

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் புஷ் கடைந்தாள்.

கன்மெட்டல் என்கிற வெண்கலத் துண்டை லேத்தில் பிடித்தாள். பொன்னிறத்தில் சுருள் சுருளாக உதிர்ந்தது. நஞ்சப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

“நல்லா டைட்டாவே போட்டுரு அம்மிணி. ஒரு துளி ஆடக்கூடாது.”

“ஒரு துளியும் ஆடக்கூடாதுன்னா வெல்டு வச்சரலாமுங்க.”

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“சிங்காரம் நல்ல மனுசன்தான். கை வீங்கிக் கெடந்தப்பக்கூட என்னை ஒரு வார்த்தை திட்டலையாம். ஊருல சொன்னாங்க.”

“ஊருல சொன்னாங்களா?”

“ஆமா.”

“நீங்க போய்ப் பாக்கலீங்களா?”

லேத்து சுற்றிக்கொண்டிருந்தது.

“ஹார்லிக்ஸ் குடுத்துவிட்டேன்,” என்றார் நஞ்சப்பன். “ரெண்டு பாட்டில். பெரிய பாட்டில்.”

“அவரு ஹார்லிக்ஸ் குடிப்பாருங்களா?”

“தெரியலை.”

கலாமணி மெஷினை நிறுத்தி, புஷ்ஷைக் கழற்றாமலே அளந்தாள். இன்னும் ஒரு தலைமயிர் அளவு எடுக்க வேண்டியிருந்தது. மறுபடி ஓடவிட்டாள்.

“போகணும்னுதான் இருந்தேன் அம்மிணி. போனா என்ன சொல்றதுன்னு இருந்துச்சு. வண்டி மேல குத்தம்னா அப்படிச் சொல்லலாம். என் மேலன்னா அப்படிச் சொல்லலாம். எது மேலன்னே தெரியாமப் போய் எப்படி நிக்கறது?”

அவள் லேத்தை நிறுத்தினாள். ஊதி, தூளைத் தட்டி, புஷ்ஷை அவர் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. அவர் கைக்குக் கை மாற்றிக்கொண்டார்.

மாலை நாலு மணிக்கு இரண்டு புஷ்ஷும் ஏறிவிட்டன. மேல் புஷ்ஷை மரச் சுத்தியால் தட்டி இறக்குகிற வேலையை அவள் அவருக்கே விட்டாள். ஸ்டீரிங்கை மாட்டி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. ஒரு விரலால் தள்ளினார் நஞ்சப்பன். தள்ளிய உடனே முன்சக்கரம் அசைந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டார்.

“ஓட்டிப் பாக்கலாமுங்க,” என்றாள் கலாமணி.

*

பட்டறைக்குப் பின்னால் மூடிப்போன நூல் மில்லின் மைதானம் காலியாகக் கிடந்தது. நஞ்சப்பன் ஓட்டினார். கலாமணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி இடது பக்கம் போயிற்று. திருப்பினார். வலது பக்கம் போயிற்று. திருப்பினார். மறுபடி இடது. திரும்பிப் பார்த்தால் மண்ணில் டயர்த்தடம் சாரைப்பாம்பு போன மாதிரி கிடந்தது.

நஞ்சப்பன் வண்டியை நிறுத்திவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்ன அம்மிணி இது? முன்னைவிட இது மோசமால்ல இருக்குது? முன்ன அன்னிக்கு ஒரு நாள்தான் போச்சு. இப்ப அடிக்கு ஒருக்கா போகுது.”

“புஷ் சரியா இருக்குதுங்க.”

“புஷ்ஷு சரி, அளவு சரி. வண்டி சரியில்லையே. பழையபடி அட்டையவே வச்சுக் குடுத்துரு. எனக்கு அதுதான் பழக்கம்.”

அவள் பின்னால் திரும்பி டயர்த்தடத்தைப் பார்த்தாள்.

“நான் ஓட்டத் தெரியாதவனா? இந்தக் கை இருபத்தாறு வருஷமா இதே ஸ்டீரிங்கப் பிடிச்ச கை.”

“அதானுங்கண்ணா.”

“என்ன அதான்?”

“பர்ஸ்ட் கியர்ல உருட்டுங்க. கையை எடுத்து மடியில வைங்க.”

“விளையாடறியா?”

“மடியில வைங்க.”

மைதானம் பெரிது. எதிரில் ஒன்றும் இல்லை. நஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டு, கையை எடுத்து மடியில் வைத்தார்.

வண்டி நேராகப் போயிற்று.

பத்தடி போயிற்று. முப்பதடி போயிற்று. ஸ்டீரிங் அசையாமல் நின்றது. இழுத்த கோடு மாதிரி வண்டி தன்பாட்டுக்கு ஊர்ந்தது.

நஞ்சப்பன் குனிந்து மடியைப் பார்த்தார்.

மடியில் இருந்த கைகள் சும்மா இல்லை. இடது பக்கம் ஒரு விரற்கடை, வலது பக்கம் ஒரு விரற்கடை. இடது பக்கம், வலது பக்கம். பிடிக்க ஒன்றும் இல்லாமலே அவை ஸ்டீரிங்கைச் சரிசெய்துகொண்டிருந்தன.

கலாமணி கதவைத் திறந்தாள். நடக்கிற வேகம்தானே, இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்குப் போனாள். அவளுக்கு இன்னொரு பம்பு இருந்தது.

வண்டியில் அவரும் அவர் கைகளும் மட்டும் இருந்தார்கள்.

*

சனிக்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

கைகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவை ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தன. யாரும் சொல்லித் தராமல், எஜமானுக்கே தெரியாமல், நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டிருந்தன. வண்டி நேராகப் போக அந்த வேலை வேண்டியிருந்தது. இப்போது வேண்டாம் என்றால் எப்படி விடும்.

அவர் அவற்றைத் திட்டிப் பார்த்தார். ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். இறுக்கினால் அதிகமாக ஆட்டின. இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு, டீக்கடை ரேடியோவில் எதையோ கேட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தவர், அந்தச் சுற்றுத் தடம் நேராக இருந்ததை இறங்கின பிறகுதான் பார்த்தார்.

இன்னும் பத்துச் சுற்று வந்தார். பத்தும் நேராக வரவில்லை. ஆனால் கடைசி நாலும் நேராக வந்தன.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனார்.

“ஆட்டம் நின்னுருச்சு அம்மிணி. கையிலயும்தான்.”

“சரிங்க.”

“சாயங்காலத்துக்குள்ள கல்யாண வீட்டுக்குச் சொல்லணும். அந்த ஒரு வார்த்தை.”

கலாமணி ஒரு காகிதத்தை எடுத்தாள். தண்டின் அளவு, பழைய புஷ்ஷின் அளவு, தேய்மானம், புதுப் புஷ்ஷின் அளவு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நஞ்சப்பன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல யாரு மேல குத்தம்னு இல்லையே.”

“வெர்னியர்ல அதுக்குக் கோடு இல்லீங்கண்ணா.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, கோபம் வருகிற மாதிரியும் இருந்தது.

“அப்ப நான் என்னத்தச் சொல்லி அவர் முன்னால போய் நிக்கறது?”

“அவரு வீடு எங்கீங்க இருக்குது?”

“மேட்டுத் தெரு.”

“வண்டில போனா எத்தனை நேரம் ஆகுமுங்க?”

“அஞ்சு நிமிசம்.”

“மூணு மாசம் ஆயிருச்சுங்க,” என்றாள் கலாமணி.

கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நஞ்சப்பன் எழுந்தார். காகிதத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டு வெளியே போனார்.

*

சிங்காரம் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தவில் அடிக்கிறவர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வார்கள். துணியைச் சுற்றிப் பசை பூசிக் காயவைத்த தொப்பி மாதிரி இருக்கும். அன்றைக்குப் புதுக்கூடு கட்டியிருந்தார். ஐந்து விரலையும் விரித்து வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார்.

“வா நஞ்சப்பா. கை கும்பிட முடியாது. காயுது.”

“இருக்கட்டுமுங்கண்ணா.”

“ஹார்லிக்ஸ் வந்துச்சு. பேரன் குடிச்சான். ஒரு சுத்துப் பெருத்துட்டான்.”

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

“புஷ் மாத்திட்டேனுங்கண்ணா.”

“சொன்னாங்க. கலாமணி கையாலயாமே. அந்தப் புள்ள மாத்துச்சுன்னா தேஞ்சுதான் இருந்திருக்கும். அப்ப வண்டிக் கோளாறுதான், இல்ல?”

மூன்று மாதமாக நஞ்சப்பன் தேடி அலைந்த வார்த்தை. கலாமணி வாயில் இருந்து வராத வார்த்தை. சிங்காரமே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாங்க என்று தலையை ஆட்டினால் போதும்.

“இல்லீங்கண்ணா,” என்றார் நஞ்சப்பன்.

சிங்காரம் விரலில் இருந்து கண்ணை எடுத்தார்.

“ஆறு வருஷமா ஆட்டம் இருக்கறது எனக்குத் தெரியும். அட்டை சொருகிச் சொருகி ஓட்டினேன். அன்னிக்குக் காலைலயும் ஆடுச்சு. ஒண்ணு சொருகினேன். தெரிஞ்சேதான் உங்க முதுகுக்குப் பின்னால வந்தேனுங்க.”

வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது. சிங்காரம் கையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பி வெயிலில் காட்டினார்.

“என்ன அட்டை?”

“கல்யாணப் பத்திரிகைங்க.”

“எந்தக் கல்யாணம்?”

“எல்லாக் கல்யாணமும்தானுங்க.”

“என் மக பத்திரிகை?”

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார். “மேல இருந்து நாலாவதுங்க.”

“நல்ல அட்டை அது,” என்றார் சிங்காரம். “சிவகாசில அடிச்சது.”

சிரித்தாரா என்றால் இல்லை. கோபப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. இடது மணிக்கட்டைத் தொடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். அது அவருக்குப் புதுப்பழக்கம்.

“இத்தனை நாளா ஏன் வரலை?”

“வண்டி மேலதான் குத்தம்னு ஆனதும் வரலாம்னு இருந்தேனுங்க.”

“ஆச்சா?”

“ஆகலீங்க.”

“ம்.”

சிங்காரம் எழுந்தார்.

“வண்டிய எடு. முக்கு வரைக்கும் நடக்கறேன்.”

நஞ்சப்பன் வண்டியை எடுத்தார். சிங்காரம் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். வண்டியைப் பார்த்து நின்றார். கூடு போட்ட கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். கண் முன்சக்கரத்தை விட்டு நகரவில்லை.

குழாயடியில் நின்ற பெண் ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“என்னங்க மாமா, ரிவர்ஸ் கியருங்களா?”

“வண்டி பாக்கறேன் புள்ள. உன் வேலையப் பாரு.”

நஞ்சப்பன் இரண்டு விரலால் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். கை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. எதிரில் வந்த முகத்தையே பார்த்தார். அந்த முகமும் அவரைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தது.

பாதித் தெரு போனதும் நஞ்சப்பன் வண்டியை நிறுத்தினார்.

“அண்ணா, பின்னால பள்ளமுங்க.”

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம். தெருவில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே வண்டி போக இடம் இருந்தது. அதற்குமேல் ஒரு முழம் கூட இல்லை.

சிங்காரம் திரும்பினார். பள்ளத்தைப் பார்த்தார். சுவரோரமாக இருந்த மண்ணில் காலை வைத்து, உறுதியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இருந்தது.

நடந்தார்.

சட்டை முதுகில் வேர்வை நனைந்திருந்தது. அந்த முதுகு பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே போயிற்று. பின்னால் வண்டி போயிற்று. இடது பக்கக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. போகப்போக அந்தச் சாண் சாணாகவே இருந்தது.

பள்ளம் தாண்டிற்று. தெரு அகலமாயிற்று. சிங்காரம் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. மறந்தாரோ, வேண்டாம் என்று விட்டாரோ, நடந்துகொண்டே இருந்தார். மேளத்துக்கு நடக்கிற நடை. வாசிக்காமலே அந்த நடை வந்திருந்தது. அதே தூரத்தில் நஞ்சப்பன் பின்னால் உருட்டினார்.

முக்கு வந்தது. சிங்காரம் நின்றார். நஞ்சப்பனும் நிறுத்தினார்.

“நாளைக்கு நாலு மணிக்குக் கோயில்ல நில்லு,” என்றார் சிங்காரம், முன்னால் பார்த்தபடியே. “கல்யாண வீட்டுக்கு நான் சொல்லிக்கறேன்.”

நஞ்சப்பன் சரிங்கண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் சிங்காரம் விரல்களை விரித்துக் காயவிட்டபடி, குறுக்குச் சந்தில் இறங்கி நடந்து போய்விட்டார்.